கம்பனி விழுந்தால் கணக்குப் புத்தகம் யார் கையில்?

(திருநெல்வேலியில் நடந்த நமது நிதியத்தின் குடும்பச் சந்திப்பில், மலையகத்திலிருந்து வந்திருந்த பெற்றோருக்கும் இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம். - ஆசிரியர்)



அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் இராத்திரி பஸ் ஏறி, கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து, விடியற்காலையில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷத்தில் களைப்புத் தெரியவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளை இந்தத் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வாசலில் புத்தகப் பையோடு நிற்கிறதைப் பார்க்கிறதற்கு எவ்வளவு தூரமும் வரலாம். நானும் லயத்தில் பிறந்தவன்தான். அதனால் எனக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம், "கம்பனி முறிந்துபோனால் அதன் பணிப்பாளர்களுக்கு என்ன கடமை" என்பது. காலையில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார், "இது கொழும்புப் பெரிய மனுசங்க விஷயம், நமக்கு எதுக்கு ஐயா?" என்று. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் என் பேச்சு முடிந்தது மாதிரி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு கடை மூடப்படுகிறது

இந்தத் திருநெல்வேலிச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். மரக்கறியும் வாழைக்குலையுமாகக் காலையிலேயே சனம் நிறைந்திருக்கும். அங்கே ஒரு பெரிய கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்குக் கடன் ஏறிவிட்டது. தோட்டக்காரனுக்கு வெங்காயக் காசு கொடுக்கவேண்டும், வங்கிக்கு வட்டி கட்டவேண்டும், கடையில் நிற்கிற நாலு பொடியன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஒரு நாள் கடை திறக்கவில்லை.

இப்போது கடன்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். முதலில் என்ன கேட்பார்கள்? "காசு எங்கே" என்றுதான் கேட்பார்கள். காசு இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "கொப்பி எங்கே?" கடையில் என்ன சாமான் இருக்கிறது, யார் யாரிடமிருந்து வரவேண்டும், யார் யாருக்குக் கொடுக்கவேண்டும், போன மாதம் இருந்த லொறி இந்த மாதம் யார் பெயரில் இருக்கிறது - இதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. கொப்பி கிடைத்தால் இருக்கிறதை நியாயமாகப் பங்கு போடலாம். கொப்பி கிடைக்காவிட்டால், சத்தமாகப் பேசுகிறவனுக்குக் கிடைக்கும். கடைப் பொடியனுக்கு ஒன்றும் கிடைக்காது.

கம்பனி முறிகிறதும் இப்படித்தான், அளவுதான் பெரிது. நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். லிக்குவிடேட்டர் என்பார்கள். தமிழில் கலைப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை, கம்பனியின் சொத்தை எல்லாம் ஒன்றுசேர்த்து, விற்றுக் காசாக்கி, சட்டம் சொல்லுகிற வரிசைப்படி கடன்காரர்களுக்குக் கொடுப்பது. ஆனால் அவர் புது ஆள். எந்த மலையில் எத்தனை ஏக்கர், ஸ்டோரில் எத்தனை மெஷின், யாருடைய சேமலாப நிதி எத்தனை மாதம் கட்டவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் பணிப்பாளர்கள். அவர்கள் வாயைத் திறந்தால்தான் வேலை நடக்கும்.

அதனால்தான் சட்டம் சொல்லுகிறது: கம்பனி முறிந்ததும் பணிப்பாளரின் அதிகாரம் போய்விடும், ஆனால் கடமை போகாது. "நான் இனிப் பணிப்பாளர் இல்லை, என்னைக் கேட்காதே" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போக முடியாது.

நம்முடைய பாட்டன்மார் கண்ட முறிவு

இது நமக்குப் புதுசு இல்லை. தேயிலைக்கு முன்னே இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிந்தது. தோட்டத்துரைமார் வங்கியில் வாங்கிய கடனைக் கட்டமுடியவில்லை. தோட்டங்களின் மேலே பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அந்த வங்கி அச்சடித்த நோட்டு அப்போது நாட்டில் பெருமளவில் புழங்கியது. ஒரே நாளில் நோட்டு வெறும் காகிதமாகப் போகிற நிலை வந்தது. அப்போது கவர்னராக இருந்த ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்துத்தான் நாட்டைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகுதான் அரசாங்கமே நோட்டு அச்சடிக்கத் தொடங்கியது.

நோட்டு வைத்திருந்தவனுக்கு கவர்னர் இருந்தார். கூலி பாக்கி இருந்தவனுக்கு யார் இருந்தார்கள்? நம்முடைய பாட்டன் பாட்டி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் கிடந்தார்கள். கங்காணி கையிலே துண்டு, துண்டிலே கடன். துரை கப்பலேறிவிட்டார். கூலி பாக்கிக்கு எழுத்திலே கணக்குக் கேட்க யாரும் இல்லை. அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் 1880களில் வந்த சட்டங்களில், தொழிலாளியின் கூலி அந்தத் தோட்டத்தின் மேலேயே முதற்கடன் என்று எழுதினார்கள். நம்முடைய கூலிக்கு முதலிடம் என்பது யாரும் சும்மா தந்த சலுகை இல்லை. நம்முடைய ஆட்கள் பட்டினி கிடந்து வாங்கித் தந்தது.

துரை யார், பணிப்பாளர் யார்?

நமக்குத் துரையைத் தெரியும், சின்னத்துரையைத் தெரியும், கணக்கப்பிள்ளையைத் தெரியும். பணிப்பாளரைத் தெரியாது. அவர் கொழும்பில் இருப்பார். ஆனால் சட்டத்தின் கண்ணில் கம்பனிக்குப் பொறுப்பானவர்கள் அந்தப் பணிப்பாளர் சபைதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தன. காணி அரசாங்கத்துடையது, கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை. பிற்பாடு குத்தகை 53 வருஷம் என்று ஆனது. எல்லாத் தோட்டமும் தனியார் நிர்வாகத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் அரசின் கையிலேயே நின்றது. அப்படி நின்ற தோட்டங்களில் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பணிக்கொடையும் வருஷக்கணக்காக நிலுவையாகக் கிடந்த கதை பாராளுமன்றம் வரைக்கும் பேசப்பட்டது. ஆக, கடன் கட்டாமல் விடுகிறது தனியார் மட்டும் செய்கிற வேலை என்று நினைக்கவேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருக்கிறது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அதற்கு முன்னே 1982இல் ஒன்று, அதற்கு முன்னே 1938இல் ஒன்று. எல்லாவற்றுக்கும் வேர் ஆங்கிலச் சட்டம். அதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, விழுவதற்கு முன்னாலேயே ஒரு கடமை இருக்கிறது. 219ஆம் பிரிவு. கம்பனியால் கடனைத் தவணைக்குக் கட்டமுடியாது என்று ஒரு பணிப்பாளர் நம்பினால், அவர் உடனே சபையைக் கூட்டவேண்டும். கம்பனியைத் தொடர்ந்து நடத்துவதா, நீதிமன்றத்துக்குப் போவதா என்று யோசிக்கவேண்டும். தெரிந்துகொண்டே சும்மா இருந்து, அதனால் கடன்காரருக்கு நட்டம் வந்தால், அந்த நட்டத்தைத் தன் சொந்தப் பையிலிருந்து கட்டும்படி நீதிமன்றம் அவருக்குக் கட்டளை போடலாம்.

அடுத்த பிரிவு 220. கம்பனியின் தேறிய சொத்து, அதன் மூலதனத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று தெரிந்தால், 20 வேலை நாளுக்குள் பங்காளர்களுக்கு விசேஷ கூட்டத்துக்கு அழைப்புப் போகவேண்டும். அந்தக் கூட்டத்தில் நட்டம் எவ்வளவு, ஏன் வந்தது, என்ன செய்யப்போகிறோம் என்று அறிக்கை வைக்கவேண்டும். அதாவது, நோயை மூடி வைக்காதே என்கிறது சட்டம்.

இரண்டாவது, விழுந்த பிறகு உள்ள கடமை. இதை ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. நிலைமை அறிக்கை கொடுக்கவேண்டும். என்ன சொத்து, என்ன கடன், யாருக்கு எவ்வளவு, எந்தச் சொத்து ஈட்டில் இருக்கிறது என்று எழுதி, உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும்.

2. புத்தகம், கடிதம், உறுதி, செக்ரோல், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கலைப்பாளரிடம் ஒப்படைக்கவேண்டும்.

3. கம்பனியின் சொத்து அவர் கையில் இருந்தால் - அது கார் ஆக இருந்தாலும், பங்களாத் தளபாடமாக இருந்தாலும் - திருப்பிக் கொடுக்கவேண்டும்.

4. நீதிமன்றம் கூப்பிட்டால் வரவேண்டும். சத்தியம் செய்து கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

5. எதையும் ஒளிக்கவோ, எரிக்கவோ, மாற்றி எழுதவோ கூடாது. செய்தால் அது கடன் வழக்கு அல்ல, குற்ற வழக்கு.

இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 235ஆம் பிரிவு இந்தக் கடமையை நேரடியாக எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒன்றைக் கவனியுங்கள். அது பணிப்பாளருக்கு மட்டும் இல்லை. கடைசி ஒரு வருஷத்துக்குள் அங்கே வேலைசெய்த ஊழியருக்கும் பொருந்தும். இங்கே படிக்கிற பிள்ளைகளில் யாராவது நாளைக்கு ஒரு கம்பனியில் கணக்காளராக, கிளாக்கராகப் போனால் இதை நினைவில் வையுங்கள். "மேலே இருக்கிறவர் சொன்னார், புத்தகத்தை மறைத்தேன்" என்கிற பேச்சு நிற்காது.

அப்பாவின் மூன்று வருஷம்

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன்.

என் அப்பா 31 வருஷம் கவ்வாத்து வெட்டியவர். ஓய்வு பெற்றுச் சேமலாப நிதிக்கு எழுதிப் போட்டபோது, நடுவிலே மூன்று வருஷப் பணம் அவர் கணக்கில் இல்லை. அந்த மூன்று வருஷமும் நிர்வாகம் கைமாறிய காலம். பெரியாபீசில் போய்க் கேட்டார். "அந்தக் காலத்துப் புத்தகம் இல்லை, கரையான் தின்னுட்டுது" என்றார்கள். பழைய நிர்வாகம் புதியவர்களைக் கேள் என்றது. புதியவர்கள் பழையவர்களைக் கேள் என்றார்கள். அப்பா பொறுமைசாலி. ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வந்து, "நான் அந்த மூணு வருஷம் வேலைக்கே போகலையாம்டா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

காப்பாற்றியது அம்மா. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் வந்த சம்பளச் சீட்டை நூலால் கட்டி, ஒரு பால்மா டின்னில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னாலே வைத்திருந்தார். மூன்று வருஷச் சீட்டும் இருந்தது. ஒவ்வொன்றிலும் அப்பா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு வெட்டிய கணக்கு இருந்தது. வெட்டியிருக்கிறார்கள், கட்டவில்லை. தொழில் அலுவலகத்தில் அந்த டின்னைக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். பணம் வர நாளானது. ஒரு பங்கு அப்பா உயிரோடு இருக்கும்போது வந்தது. மீதி அம்மா கையில்தான் வந்தது.

அந்தத் தோட்டம் முறிந்த கம்பனி இல்லை. இருந்தும் புத்தகம் காணாமல் போனதற்கே இந்தப் பாடு. கம்பனியே முறிந்து, புத்தகமும் போய், தெரிந்தவனும் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பணிப்பாளர் ஒத்துழைக்கிற கடமை நமக்கு எதற்கு என்று கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில். அந்தப் புத்தகத்தில் இருக்கிறது உங்களுடைய வியர்வை.

வெளியூர்களில் நடந்தது

இந்தியாவில் 2016இல் கடன் தீர்வுக்கும் வங்குரோத்துக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 19ஆம் பிரிவு, கம்பனியின் ஆட்களும் நடத்தியவர்களும் நியமிக்கப்பட்ட நிபுணருக்கு எல்லா உதவியும் செய்யவேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் அவர் தீர்ப்பாயத்துக்குப் போய்க் கட்டளை வாங்கலாம். வேண்டுமென்றே சொத்தையும் புத்தகத்தையும் மறைத்தால் 70ஆம் பிரிவில் மூன்று முதல் ஐந்து வருஷம் சிறை, அல்லது ஒரு இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அங்கே நம்முடைய மாதிரித் தேயிலைக்காரருக்கு நடந்த வழக்கு ஒன்று உண்டு. மேற்கு வங்காளத்தின் டுவார்ஸ் பகுதியில் டங்கன்ஸ் கம்பனிக்கு நிறையத் தோட்டங்கள். தொழிலாளருக்குச் சம்பளம் இல்லை, தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. 2016 ஜனவரியில் இந்திய மத்திய அரசு அந்தக் கம்பனியின் ஏழு தோட்டங்களின் நிர்வாகத்தை எடுக்கச் சொல்லி தேயிலைச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் கொடுத்தது. பிற்பாடு, பூச்சிமருந்து விற்ற ஒரு வியாபாரி தன் கடனுக்காகக் கம்பனியை வங்குரோத்துத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார். "தேயிலைச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் இந்த வழக்குச் செல்லாது" என்று கம்பனி வாதாடியது. 2019 அக்டோபர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்குரோத்துச் சட்டமே மேலோங்கும், அனுமதி தேவையில்லை என்றது. தேயிலைக் கம்பனி என்றால் தனிச் சலுகை, கணக்குக் காட்டாமல் இருக்கலாம் என்கிற கதவு அன்றைக்கு மூடப்பட்டது.

இங்கிலாந்தில் இன்னொன்று. பி.எச்.எஸ். என்று நாடு முழுக்கக் கடை வைத்திருந்த பெரிய கம்பனி. 2015இல் ஒரு பவுணுக்குக் கைமாறியது. அடுத்த வருஷம் 2016இல் விழுந்தது. சுமார் 11 ஆயிரம் பேருக்கு வேலை போனது. ஓய்வூதிய நிதியில் 571 மில்லியன் பவுண் பள்ளம். ஓய்வூதியத்தைக் கண்காணிக்கிற அதிகாரசபை, கம்பனியை வாங்கியிருந்த டொமினிக் சப்பெல் என்பவரிடம் தகவல் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. 2018இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டது. அபராதமும் செலவுமாக 87 ஆயிரம் பவுணுக்கு மேல் கட்டச் சொன்னது. கவனியுங்கள், இது காசு எடுத்ததற்கான தண்டனை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாததற்கு. பிற்பாடு பத்து வருஷத்துக்கு எந்தக் கம்பனிக்கும் பணிப்பாளராக இருக்கக்கூடாது என்றும் தடை வந்தது.

விழுவது குற்றமில்லை

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். கம்பனி விழுகிறதெல்லாம் திருட்டினால் இல்லை. மழை பிழைக்கும், விலை விழும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள், கொழுந்து குறைந்தது. அதற்குத் துரையைக் குறை சொல்லமுடியுமா? நம்முடைய நாடே 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமுடியாது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? கடன் தந்த நாடுகளுக்கும் சர்வதேச நாணய நிதியத்துக்கும் கணக்கை விரித்துக் காட்டினார்கள். இவ்வளவு இருக்கிறது, இவ்வளவு தரலாம் என்று பேசினார்கள். நாட்டுக்கே அதுதான் வழி என்றால் கம்பனிக்கு வேறு வழி இல்லை.

ஆகவே, கணக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதுதான் நிலைமை, என்னால் முடியவில்லை" என்று சொல்லுகிற பணிப்பாளரை நாம் திருடன் என்று ஏசக்கூடாது. ஏசினால் அடுத்தவர் மறைக்கத்தான் பழகுவார். மறைக்கிறவரைத்தான் கேட்கவேண்டும்.

நம்முடைய பங்கு எது?

நமக்குச் சேரவேண்டியவை மூன்று. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோர் 12. நம்பிக்கை நிதிக்கு அவர்கள் நூற்றுக்கு 3. இதில் நம் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது. பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி. 15 பேரோ கூடவோ வேலைசெய்யும் இடத்தில், ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாட் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

கம்பனி கலைக்கப்படும்போது இந்த மூன்றும் முன்னுரிமைக் கடன்களில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சாதாரணக் கடன்காரருக்கு முன்னே நாம் நிற்கிறோம். ஆனால் வரிசையில் முன்னே நின்றாலும் பெயர் பட்டியலில் இருக்கவேண்டுமே. பிரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றாலும் செக்ரோலில் பெயர் விழாவிட்டால் சம்பளம் உண்டா? அதே கதைதான்.

அதனால் வீட்டுக்குப் போனதும் இவற்றைச் செய்யுங்கள்:

1. சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். என் அம்மாவின் பால்மா டின் போதும், பெட்டகம் வேண்டியதில்லை.

2. மத்திய வங்கியிலிருந்து வருகிற சேமலாப நிதிக் கணக்கு அறிக்கையைப் படித்த பிள்ளையிடம் கொடுத்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட மாதத்தை எழுதி வையுங்கள்.

3. அடையாள அட்டையிலும் செக்ரோலிலும் சேமலாப நிதியிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இராமாயி ஓரிடத்தில் ராமாய், இன்னோரிடத்தில் ரமணி என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

4. பணம் கட்டவில்லை என்று தெரிந்தால் கம்பனி விழும்வரை காத்திருக்காதீர்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிரதி ஒன்று வையுங்கள்.

5. கம்பனி கலைக்கப்படுகிறது என்று அறிவித்தல் வந்தால், கலைப்பாளரிடம் உங்கள் கோரிக்கையைத் தவணைக்குள் எழுத்தில் கொடுங்கள். தலைவர் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கவேண்டாம். ஒவ்வொருவரும் தன் பெயருக்குக் கேட்கவேண்டும்.

கேள்வியும் பதிலும்

ஒரு தாய்: ஐயா, துரைமார் எல்லாம் ஓடிட்டா எங்க பேர்ப்பணத்தை யாருகிட்டக் கேக்கிறது?

பதில்: அம்மா, துரை ஓடினாலும் கம்பனி ஓடாது. கம்பனிக்குப் பதிவு இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, செயலாளர் இருக்கிறார், கணக்குப் பார்த்த ஓடிட்டர் இருக்கிறார். கம்பனியின் விஷயம் தெரிந்தவர் என்று நினைக்கிற யாரையும் நீதிமன்றம் கூப்பிட்டுக் கேட்கலாம். சேமலாப நிதி கட்டாதது கம்பனியின் குற்றம் என்றால், அதன் பணிப்பாளர்கள் மேலும் வழக்கு வைக்கலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டவேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஒரு தொழிலாளி: கம்பனி கடனுக்கு எங்க லயத்தையும் வித்துப்போடுவாங்களா?

பதில்: கம்பனிக்குச் சொந்தமில்லாததைக் கம்பனியின் கடனுக்காக விற்கமுடியாது. பிராந்தியக் கம்பனிகளிடம் இருக்கிற காணி குத்தகைக் காணி. இதற்கும் ஆவணம்தான் முக்கியம். உங்களுக்கு வீட்டுக்கோ காணிக்கோ கடிதம், உறுதி ஏதாவது தந்திருந்தால் பத்திரமாக வையுங்கள், பிரதி எடுத்து இன்னோரிடத்திலும் வையுங்கள்.

ஒரு மாணவி: சட்டம் இவ்வளவு இருந்தும் பணம் ஏன் வருஷக்கணக்கில் வரவில்லை?

பதில்: தங்கச்சி, சட்டம் கதவு மாதிரி. தட்டினால்தான் திறக்கும். சில சமயம் பல தடவை தட்டவேண்டும். நம்முடைய ஆட்கள் தட்டாமல் இருந்ததற்குக் காரணம் பயமும் எழுத்தறிவு இல்லாததும். முதலாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவருகிறோம். இரண்டாவதை நீங்கள் இங்கே படித்து மாற்றுகிறீர்கள். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது பரீட்சைப் புத்தகத்தோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். அம்மாவின் சீட்டுக் கட்டை எடுத்து, உட்கார்ந்து, மாதம் மாதமாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஒரு நாள் யாராவது வந்து, "நீங்க அந்த வருஷம் வேலைக்கே வரலையே" என்று சொன்னால், அதை எடுத்து மேசையில் வைக்கலாம்.

நேரமாகிவிட்டது, சாப்பாடும் தயார் என்கிறார்கள்.